கைகேயி படம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இது உண்மையில் யார் படம்?

திருவல்லிக்கேணி சட்டக்காரன்:

வணக்கம். பெயரைப் பார்த்து வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். படத்துக்குச் சட்டம் போடுகிற தொழில். பாரதி சாலையிலிருந்து திரும்பும் ஒரு சந்தில் அப்பா வைத்த கடை. சாமி படம், கல்யாண ஃபோட்டோ, மாலை போட வேண்டிய ஃபோட்டோ, இந்த மூன்றில்தான் பிழைப்பு ஓடுகிறது. ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் இங்கே கேட்கிறேன்.

போன வாரம் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி பழைய படம் ஒன்றைப் புடவையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். மாமனார் ஹைகோர்ட் வக்கீலாம், அவர் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் வாங்கிய படமாம். 1985-ல் எரிந்துபோனதே, அந்த மூர் மார்க்கெட். மாமி கல்யாணமாகி வந்த நாள் முதல் கூடத்தில் தொங்குகிறது. வீட்டில் அதற்குப் பெயர் ‘கைகேயி படம்’.

கருப்பு வெள்ளை அச்சுப்படம், 22க்கு 28 இஞ்ச். படத்தில் நாலு பேர். இடது பக்கம் கையில் வில்லோடு ஒரு வாலிபன் நிற்கிறான். ஒரு கையை ‘போதும்’ என்பதுபோல உயர்த்தியிருக்கிறான். வலது பக்கம் தாடி வைத்த ராஜா உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் கோபம், கை முஷ்டி பிடித்திருக்கிறது. அவரை ஒட்டி ராணி. ராணியின் காதருகே ஒரு பொம்பளை குனிந்து ஏதோ ஓதுகிறாள். அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? தசரதர், கைகேயி, கூனி, காட்டுக்குக் கிளம்பும் ராமர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்ரீராமநவமி வந்தால் மாமி அந்த வாலிபன் நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பாராம். கழற்றும்போது பார்த்தேன், அந்த இடத்தில் கண்ணாடியே மஞ்சளாகிவிட்டது.

சந்தேகம் கழற்றிய பிறகுதான் வந்தது. துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கி, பின்பலகையை எடுத்து, படத்தை வெளிச்சத்தில் வைத்தால் ராமர் காலடியில் நாய் நிற்கிறது. ராமருக்கு எங்கே நாய்? கைகேயி கையில் ஒரு வாள் இருக்கிறது. அவள் தசரதரையும் பார்க்கவில்லை, ராமரையும் பார்க்கவில்லை. கண்ணை அகல விழித்து எங்கேயோ பார்க்கிறாள். இரண்டு வரம் கேட்டு வாங்கியவள் முகம் மாதிரி இல்லை. வரம் கேட்டுக் கிடைக்காதவள் முகம் மாதிரி இருக்கிறது.

படத்தின் கீழே ஏதோ எழுத்து இருந்திருக்கிறது. அதை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. சிரிக்காதீர்கள், அந்தப் பூச்சிக்கு அதுதானே பெயர்.

பேத்திக்குப் பெரும்பாக்கத்தில் புது ஃபிளாட், அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். அங்கே மாட்டுவதற்குத்தான் புதுச் சட்டம் கேட்கிறார். இது வெள்ளைக்காரன் வரைந்த ராமாயணமா, வேறு கதையா? வேறு கதை என்றால் புது வீட்டில் மாட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்ரயில் பயணி:

ஃபோனில் படம் எடுத்துத் தேடிப் பார்த்தீர்களா? இதற்கெல்லாம் ஒரு இழை தேவையா? என் ஊகம், ஜூலியஸ் சீசர். பின்னால் இருப்பவள் கிளியோபாட்ராவாக இருக்கும்.

திருவல்லிக்கேணி சட்டக்காரன்:

தேடினேன் சார். கண்ணாடி போட்டு எடுத்தபோது டியூப்லைட் விழுந்து சோபா விளம்பரம் வந்தது. கண்ணாடி இல்லாமல் எடுத்தபோது நாய்க்குட்டி விற்பனை வந்தது.

எழும்பூர் கரிக்கோல்:

சட்டக்காரர் சொன்ன விவரமே போதும், தேட வேண்டியதில்லை. வில், நாய், வாள், காதருகே குனிந்த தாதி, எங்கும் பார்க்காத அந்தப் பெண். இது ‘ஃபீட்ராவும் ஹிப்போலிட்டஸும்’. வரைந்தவர் பியர்-நார்சிஸ் கெரான் என்ற பிரெஞ்சுக்காரர். 1802-ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்தார், அப்போது அவருக்கு 28 வயது. மூலம் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்களிடம் வந்திருப்பது அதைப் பார்த்துச் செய்த அச்சு. மூலம் இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம், மூன்றே கால் மீட்டருக்கு மேல் அகலம். உங்கள் கணக்கில் எட்டரைக்குப் பதினோரு அடி.

கதை இதுதான். தீசியஸ் ஏதென்ஸின் அரசன். முதலில் அமேசான் என்ற போர்ப்பெண்கள் கூட்டத்தில் ஒருத்தியிடம் அவனுக்குப் பிறந்தவன் ஹிப்போலிட்டஸ். பிறகு கிரீட் தீவின் மினோஸ் மகள் ஃபீட்ராவை மணக்கிறான். பையனுக்கு வேட்டையும் குதிரையும்தான் உலகம். வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸைக் கும்பிடுவான், காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியைக் கண்டுகொள்ள மாட்டான். அவளுக்குக் கோபம் வந்து, பழிவாங்க ஃபீட்ராவின் மனதில் மூத்தாள் மகன் மேலேயே ஆசையை மூட்டிவிடுகிறாள். ஃபீட்ரா சொல்லவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். தாதி விஷயத்தை உடைக்கிறாள். பையன் அருவருத்து விலகுகிறான். பழி அவன் மேல் திரும்புகிறது, அவன்தான் சிற்றன்னையைத் தொட வந்தான் என்று. தீசியஸ் அதை நம்பி, கடல் தெய்வமான பொசைடனிடம் மகனுக்குச் சாவு கேட்கிறான். கடலிலிருந்து ஒரு காளை கிளம்பி வர, குதிரைகள் மிரண்டு தேரோட்டியவனை இழுத்துப்போய்ப் பாறையில் அடிக்கின்றன.

வாளைப் பற்றிச் சொன்னீர்களே, அது பையனுடையது. யூரிப்பிடிஸ் கி.மு. 428-ல் ஏதென்ஸில் அரங்கேற்றிய கிரேக்க நாடகத்தில் வாள் சாட்சி கிடையாது. அங்கே ஃபீட்ரா தூக்கிட்டுக்கொள்கிறாள், பழி ஓர் ஓலையில் இருக்கிறது. வாளைச் சாட்சியாக்கியது ரோமானியர் செனெக்கா. 1677-ல் ரசீன் பிரெஞ்சில் எழுதியபோது அதை எடுத்துக்கொண்டார். கெரான் படித்து வளர்ந்ததும் மேடையில் பார்த்ததும் ரசீன். ஆனால் ரசீனிடம்கூட அந்தக் குற்றச்சாட்டுக் காட்சியில் இந்த நால்வரும் ஒன்றாக நிற்பதில்லை. தகப்பனும் மகனும் பேசும்போது ஃபீட்ரா அங்கே இல்லை. கெரான் நாடகத்தில் இல்லாத ஒரு கணத்தை உண்டாக்கி நாலு பேரையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டார். தெருக்கூத்தில் வேஷக்காரர்கள் பக்கவாட்டில் வரிசையாக நிற்பது போலத்தான் இதுவும் இருக்கிறது. பின்னால் ஆழம் கிடையாது, கோடு சுத்தமாக இருக்கும், உடம்பெல்லாம் பளிங்குச் சிலை. இந்தப் பாணிக்கு நியோகிளாசிக்கல் என்று பெயர். 1738-ல் ஹெர்குலேனியத்திலும் 1748-ல் பொம்பெயிலும் மண்ணைத் தோண்டிப் பழைய ரோமானிய ஊர்களை வெளியே கொண்டுவந்தார்கள். அதன்பின் ஐரோப்பாவில் கிரேக்க ரோமானியப் பைத்தியம் பிடித்தது. ஓவியர்களில் டாவிட் அதற்குப் பெரிய கை. கெரான் டாவிட்டிடம் படித்தவர் இல்லை, ரெனோவின் மாணவர். வேடிக்கை என்னவென்றால் கோட்டின் சுத்தத்தை இப்படி இறுக்கிப் பிடித்தவரிடம் படித்து வெளியே வந்த ஓவியர்கள் ஜெரிக்கோவும் டெலக்ருவாவும். இரண்டு பேரும் வாத்தியாரின் அந்தச் சுத்தமான கோடுகளை அடித்து நொறுக்கினார்கள்.

கைகேயி என்று நினைத்ததற்கு மாமியைக் குறை சொல்லாதீர்கள். நான் பெரியமேட்டு ஓவியக் கல்லூரியில் படித்தவன். முதல் வருஷம் முழுக்கக் கிரேக்க மூக்கைப் பிளாஸ்டரில் வைத்துக் கரியால் வரைந்தோம். மதியம் எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் அங்கே ரவிவர்மா தொங்குவார். 1873-ல் இந்த ஊர்க் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கியவர் அவர். ஐரோப்பியர்கள் புராணக் கதைக்குச் செய்த மேடை அமைப்பில் அவர் நம் புராணத்தை நிறுத்தினார். 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்டு அதை வீட்டுக்கு வீடு அனுப்பினார். உங்கள் அப்பா சட்டம் போட்ட சாமி படங்களில் பாதி அந்த வழியில் வந்தவைதான். அதையே பார்த்து வளர்ந்த கண் கெரானைப் பார்த்தால் தசரதர்தான் தெரிவார்.

ஒரு தொழில் வேண்டுகோள். படத்தை ஹார்ட்போர்டில் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். அமிலம் இல்லாத அட்டையில் மவுண்ட் வெட்டி, கண்ணாடி அச்சில் படாமல் வையுங்கள்.

திருவல்லிக்கேணி சட்டக்காரன்:

பசை போடுவேனா சார், அப்பா எழுந்து வந்து அடிப்பார். மவுண்ட் வெட்டியாகிவிட்டது.

நீங்கள் எழுதியதைக் கடையில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். எட்டரைக்குப் பதினோரு அடி என்றால் சுற்றளவு முப்பத்தொன்பது அடி. அதற்கு எவ்வளவு பீடிங் (சட்டத்துக்கான மரப்பட்டி) வாங்கியிருப்பார்கள், நாலு மூலையை எப்படிச் சேர்த்திருப்பார்கள் என்றே மனது போகிறது. சரி, அது என் பைத்தியம்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அறுபது வருஷத்துக்கு மேல் ராமர் என்று பொட்டு வைத்திருக்கிறார்கள். அதை நான் எப்படிப் போய், மாமி, இது ராமர் இல்லை, சித்தி ஆசைப்பட்ட பையன் என்று சொல்வது? அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையே வராது.

ஓய்வுபெற்ற தமிழம்மா:

தம்பி, அந்த வார்த்தை நம் வீடுகளில் வந்திருக்கிறது. சாரங்கதரன் கதையை உங்கள் மாமியிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். இராஜமகேந்திரபுரத்து அரசன் மகன் விட்ட புறா சிற்றன்னை சித்ராங்கியின் அரண்மனைக்குள் போய்விடும். எடுக்கப் போனவனிடம் அவள் ஆசையைச் சொல்வாள். அவன் மறுப்பான். அவள் பழியைத் திருப்புவாள், அரசன் மகனின் கைகால்களை வெட்டச் சொல்வான். பம்மல் சம்பந்த முதலியார் இதே சென்னையில் மேடையேற்றிய கதை. அந்தக் காலத்து வக்கீல்கள் அவருடைய நாடக சபையான சுகுண விலாச சபையில் மாலைவேளையில் வேஷம் கட்டியவர்கள். சம்பந்த முதலியாரே வக்கீலாக இருந்து பிறகு நீதிபதியானவர்தானே. மாமனாருக்கு அந்தக் கதை தெரியாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம். கூடத்தில் சித்ராங்கியை மாட்டினால் பெண்டுகள் என்ன சொல்வார்களோ என்று கைகேயி ஆக்கியிருக்கலாம். வெறும் ஊகம்தான், ஆனால் எனக்குப் பிடித்த ஊகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருதலைக் காதல் என்று கேட்டால் பிள்ளைகள் உடனே கைக்கிளை என்பார்கள். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவள் நான். தொல்காப்பியர் ஏழு திணை சொல்லி, முதலில் கைக்கிளையையும் கடைசியில் பெருந்திணையையும் வைக்கிறார். கைக்கிளைக்கு நக்கண்ணையாரை எடுத்துக்கொள்ளுங்கள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற மற்போர் வீரன் மேல் ஆசை. அவனுக்கு அது தெரியுமோ என்னவோ. புறநானூற்றில் மூன்று பாட்டு, 83 முதல் 85 வரை. அவன் கூழைக் குடித்தும் தோள் பருத்துத் திரிகிறான், நான் அவன் வாழும் இடத்தின் புறத்தே இருந்தும் பொன்னாய்ப் போனேன் என்கிறாள். பசலை படர்ந்து மேனி பொன் நிறமாகிவிட்டது என்று பொருள். அவளுடைய ஆசையால் ஒருவர் தலையும் உருளவில்லை. அதனால் அது கைக்கிளை.

ஃபீட்ரா அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. ‘தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்’ என்று பெருந்திணைக்கு ஓர் அடையாளம் சொல்லப்பட்டிருக்கிறது. தேற்ற முடியாத அளவுக்குப் போன காமம். கரிக்கோல் ஐயா சொன்ன சோறு தண்ணீர் இல்லாத நாட்களில் அவள் கைக்கிளை. வாள் கைக்கு வந்தபோது பெருந்திணை. படத்தில் அவள் கண் அப்படி விழித்திருப்பது அந்த நடுக்கோட்டில் நிற்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வண்ணப் பிரதியை இணையத்தில் பார்த்தேன், முகம் வெளிறிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரருக்குப் பசலை என்ற சொல் இல்லாவிட்டாலும் நிறம் தெரிந்திருக்கிறது.

மின்ரயில் பயணி:

சீசர் இல்லையா? சரி. என் ஓட்டு, மாமியிடம் எதுவும் சொல்லவேண்டாம். சட்டத்தைப் போட்டுக் காசை வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். வயசான காலத்தில் எதற்கு?

ஓய்வுபெற்ற தமிழம்மா:

வயசானவர்களுக்கு உண்மை ஆகாது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கு எழுபத்தொன்று.

எழும்பூர் கரிக்கோல்:

சட்டக்காரரே, சொல்வதாக இருந்தால் பையனிடமிருந்து ஆரம்பியுங்கள், சித்தியிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். யூரிப்பிடிஸில் தாதி முதலில் அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விஷயத்தைச் சொல்கிறாள். தகப்பன் பழி சுமத்தும்போது அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சத்தியம் செய்துவிட்டதால் சொல்லவில்லை. ரசீனில் சத்தியம் கிடையாது, ஆனால் அப்பாவின் மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்கிறான். படத்தில் அவன் உயர்த்தியிருக்கும் கை அதுதான். ‘நான் இல்லை’ என்கிறான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

திருவல்லிக்கேணி சட்டக்காரன்:

மாமி இன்று வந்தார். எழுத நேரமாகிவிட்டது, மன்னிக்கவும். இரண்டு கல்யாண ஆல்பம் முடிக்க வேண்டியிருந்தது.

கரிக்கோல் சார் சொன்ன மாதிரியே பையனிடமிருந்து ஆரம்பித்தேன். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, காபி சொல்லிவிட்டு, “மாமி, இது வேற ஊர்க் கதையாம்” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நாய், வாள் எல்லாவற்றையும் காட்டினேன். வாளைப் பார்த்ததும், “இத்தனை வருஷம் இது விசிறின்னு நெனச்சிண்டிருந்தேன்” என்றார். பழைய கண்ணாடி அவ்வளவு மங்கல்.

சாரங்கதரன் பெயரை எடுத்ததும், “ஓ, சித்ராங்கியா” என்றார். அவ்வளவுதான். நான் பயந்ததுபோல முகம் மாறவில்லை. மாமனார் நாடகம் பார்க்கப் போவாரா என்று தமிழம்மாவுக்காகக் கேட்டேன். “பார்க்கறதா? ஸ்திரீ பார்ட் கட்டுவார். வீட்ல யாரும் அதைப் பத்திப் பேசப்படாது” என்றார். எந்தச் சபை, எந்த வேஷம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. அம்மா, உங்கள் ஊகத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது, அதற்கு மேல் என்னால் இழுக்க முடியாது.

அப்புறம் ராணியை ரொம்ப நேரம் பார்த்தார். “பாவம், தூங்கியே பத்து நாள் ஆன மாதிரி இருக்கா” என்றார். கடைசியாகத்தான் பொட்டு விஷயம். அவரே கேட்டார். “கடைசி வரைக்கும் அந்தப் புள்ளை வாயைத் திறக்கலையா?” இல்லை மாமி என்றேன். அப்பா மானம் போயிடும்னு சொல்லலையாம் என்றேன். “அப்போ வெச்ச பொட்டு சரிதான்” என்றார்.

பேத்தி வீட்டுக்கு இது வேண்டாமாம், பதிலாக ஒரு பிள்ளையார் படம் பார்த்துவைக்கச் சொன்னார். இது கூடத்துக்கே திரும்பிப் போகிறது. புதுக் கண்ணாடி போட்டிருந்ததைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழசு எங்கே என்று கேட்டார். நல்லவேளை, சின்னப் படங்களுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று ஷட்டருக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தேன், இன்னும் வெட்டவில்லை. மூலையில் கீறல் இருக்கிறது, மஞ்சள் கறையும் போகாது என்றேன். கறை போனால் எதற்கு என்றார். அதையே துடைக்காமல் போட்டு, பழைய சட்டத்தையே இறுக்கிக் கொடுத்தேன். நெற்றிக்கு நேராகக் கறை வருகிறதா என்று ரெண்டு தடவை சரிபார்த்தேன். மவுண்ட் போட்டதில் படம் கால் இஞ்ச் இறங்கியிருந்தது, அதை ஏற்றிவைக்கத்தான் நேரமாகிவிட்டது.

புதுக் கண்ணாடி கைவசம் இருக்கிறது, 22க்கு 28. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், வாங்கிய விலைக்கே தருகிறேன்.